மாப்பிள்ளை அழுத கைகோர்வை

கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை செய்யக்கூடாத காரியங்கள் என்று எங்கள் கொங்கு நாட்டில் நிறைய உண்டு. துப்பாக்கி சுடக்கூடாது என்று மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை. (யாருக்குத் தோன்றும்?)

எனக்கு நிச்சயித்திருந்த கவிதாவின் அண்ணன் சிவக்குமார், கோவையில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் உறுப்பினர். "சும்மா வாங்க மாப்பிள்ளை, பாத்துட்டு வந்துரலாம்" என்று கூட்டிப்போனார். அங்கிருந்த கோச்சிடம் கேட்டுக்கொண்டு, ஒரு செமி ஆட்டோமேடிக் பிஸ்டலை என்னிடம் கொடுத்தார்.

"புடிக்கிற முறை தெரியுமுங்களா?"

பெண் வீட்டார் கேட்டுத் தெரியாது என்று சொல்லும் மாப்பிள்ளை பெரியநாயக்கன்பாளையத்தில் இனிமேல்தான் பிறக்க வேண்டும். "தெரியுமுங்க" என்றேன்.

கொடுவாளைப் பிடிப்பதுபோல இறுக்கி, பிஸ்டலின் பிடியில் கையை எவ்வளவு மேலே ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றிப் பிடித்தேன். மச்சான் வாயைத் திறப்பதற்குள் சுட்டும் விட்டேன். குண்டு முன்னால் போகும்போது பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடு பின்னால் பாய்ந்து வரும் என்பது அப்போதுதான் தெரிந்தது. என் வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்த சதையைக் கிழித்துவிட்டது.

"கை ஸ்லைடுக்குக் கீழ இருக்கோணும். கட்டைவிரல் ரெண்டும் ஒரே பக்கமா முன்னால பாத்து இருக்கோணும். சொல்றதுக்குள்ள என்னங்க அவசரம்?" என்றார் மச்சான், பிஸ்டலை வாங்கி வைத்துவிட்டு.

தையல் போட்டுக்கொண்டு வந்தோம். வலியைவிட பயம்தான் அதிகம். ஜாதகம் சுமார்தான் என்று கவிதாவின் தாய்மாமன் ஏற்கெனவே முனகிக்கொண்டிருந்தார். முதல் நாளே ரத்தம் என்று தெரிந்தால் கல்யாணத்தையே நிறுத்திவிடுவார். கவிதா இல்லாத வாழ்க்கையை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. கைக்கட்டின்மேல் சந்தனத்தை அப்பிக்கொண்டு மணமேடை ஏறினேன்.

தாலியை எப்படியோ கட்டிவிட்டேன். அடுத்தது கைகோர்வை. மாப்பிள்ளையும் பெண்ணின் அண்ணனும் எதிரெதிரே உட்கார்ந்து கைகோர்த்துக்கொள்ள, மங்கல வாழ்த்து பாடுவார்கள். அது லேசில் முடிகிற பாட்டு இல்லை. மச்சான் பதற்றத்தில் என் வலது கையைப் பிடித்தார். அந்தப் பிடியைத் துப்பாக்கியில் பிடித்திருந்தால் தங்கமெடலே வாங்கியிருப்பார்.

"மெதுவாங்க" என்றேன்.

"மாமா பாக்கறாருங்க. பல்லைக் கடிச்சுக்குங்க."

கடித்தேன். கண்ணீர் மட்டும் நிற்கவில்லை. மண்டபமே பார்க்க, வேட்டி நனைய அழுதேன். எல்லாம் போச்சு என்று நினைத்தபோது தாய்மாமனின் குரல் கேட்டது.

"தங்கமான பையனுங்க. மச்சான் கையைப் புடிச்சதும் பாசத்துல எப்படி அழுவறான் பாருங்க." அவரும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிற்பாடு நான் உண்மையைச் சொன்னேன். மச்சானைச் சாட்சிக்குக் கூப்பிட்டும் ஒருவரும் நம்பவில்லை. பாசத்தை மறைக்கத் துப்பாக்கிக் கதை விடுகிறேனாம். அன்றிலிருந்து சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும் எனக்கு முன்வரிசைதான். போன மாதம் அந்தத் தாய்மாமன் வீட்டுக் கல்யாணத்தில் கைகோர்வை ஆரம்பித்ததும், வரிசை முழுக்க என் பக்கம் திரும்பியது. கவிதா கைக்குட்டையை நீட்டினாள்.

"மாமா பாத்துட்டு இருக்காருங்க. சித்த அழுதுபோடுங்க."

அழுதேன்.