பெல்ட்டில் தேய்த்த மெழுகு

மாவு மில் வைத்திருப்பவன் கார் வாங்கக் கூடாது. வாங்கினாலும் பானட்டைத் திறக்கக் கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். பட்டது நான் மட்டுமாக இருந்திருந்தால் இதைச் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பேன்.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில், பழனிசெட்டிபட்டியில் மில் கொஞ்சம் ஓடத் தொடங்கியதும், பழைய கார் ஒன்று வாங்கினேன். (பழசு என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வண்டியே சொல்லிவிட்டது.) காலையில் ஸ்டார்ட் பண்ணினால் 'கீ...ச்' என்று தெருவையே எழுப்பும். ஸ்டீயரிங்கை ஒடித்தால் இன்னும் வீறிடும். மெக்கானிக்கிடம் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"பாய், பெல்ட்டு வெடிச்சுக் கெடக்கு. முந்தின வண்டிக மாதிரி ஒண்ணொண்ணுக்கும் தனித்தனி பெல்ட்டு கெடையாது இதுல. ஒரே பெல்ட்டு, பாம்பு கணக்கா வளைஞ்சு வளைஞ்சு போகுது. பேட்டரி சார்ஜு, தண்ணி பம்ப்பு, ஸ்டீயரிங்கு, ஏசி, அம்புட்டும் இது சுத்துனாத்தான் ஓடும். இழுத்துப் பிடிக்கிற டென்ஷனரும் ஆடுது. ரெண்டையும் மாத்திருங்க."

"பெல்ட்டப் பத்தி எனக்கேவா சொல்றீக?" என்றேன். சிரித்ததாக ஞாபகம்.

மில்லில் பெல்ட் வழுக்கிக் கத்தினால், ஓட்டத்திலேயே அதன் உள்பக்கம் மெழுகுக் கட்டியைத் தேய்ப்போம். பிடித்துக்கொள்ளும், சத்தமும் நிற்கும். ஆனால் அது தட்டையான பட்டை பெல்ட். கார் பெல்ட்டின் உள்பக்கம் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். அதில் மெழுகு பட்டால் ரோட்டுத் தூசி முழுவதும் வந்து அப்பிக்கொள்ளும். இந்த வித்தியாசம் எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் மெழுகு ஒன்றுதான்.

தேய்த்தேன். சத்தம் நின்றது. மெக்கானிக் கடை வழியாக வேண்டுமென்றே இரண்டு தடவை ஓட்டிப் போனேன்.

எட்டாம் நாள் மதியம் கம்பத்திலிருந்து போன் வந்தது. என் மனைவி ஜீனத்தின் அத்தா, என் மாமனார், மௌத்தாகிவிட்டார். நாலு மணிக்கு அடக்கத்துக்காக வீட்டிலிருந்து தூக்குகிறார்கள் என்று அவள் தம்பி சொன்னான். எங்களில் பெண்கள் அடக்கம் நடக்கும் கபரஸ்தானுக்குப் போவதில்லை. உடலைச் சுமக்கும் சந்தூக் வாசலைத் தாண்டிவிட்டால் மகளுக்கு அத்தா முகம் கிடையாது.

"பஸ்ஸுலயே போயிருவோம்" என்றாள் ஜீனத். அழுது குரல் கம்மியிருந்தது.

மருமகன் பஸ்ஸில் போய் இறங்குவதா? "கார் எதுக்கு இருக்கு?" என்றேன். மில் சாவியை வேலையாளிடம் ஒப்படைத்துவிட்டு நான் வண்டியை எடுக்கும்போது மணி இரண்டேகால். கம்பத்துக்கு ஒரு மணி நேரம் தாராளம்.

சின்னமனூர் தாண்டியதும் 'பட்' என்று ஒரு சத்தம். பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. பல்பு கோளாறு என்றேன். ஸ்டீயரிங் பாறாங்கல்லாகக் கனத்தது. ரோடு சரியில்லை என்றேன். சூடு காட்டும் முள் உச்சிக்கு ஏறி, பானட்டிலிருந்து புகை வந்தபோதுதான் சொல்ல ஒன்றுமில்லாமல் வண்டியை ஓரம் கட்டினேன். திறந்தால், பெல்ட் நார் நாராகக் கிழிந்து தொங்கியது.

ஜீனத் இறங்கி நின்றாள். "பஸ் வருது, போவோம்."

"அஞ்சு நிமிசம். கயிறு கட்டி ஓட்டிருவேன்."

அந்தக் காலத்து ஜீப்காரர்கள் அறுந்த பெல்ட்டுக்குப் பதில் கயிறு கட்டி மலையேறிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். டிக்கியில் சாக்குக் கட்டும் நைலான் கயிறு இருந்தது. கட்டினேன். ஒரு சுற்றில் உருகி அறுந்தது. மறுபடி கட்டினேன். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போய்த் திரும்பும் ஜீப் ஒன்று நின்றது. டிரைவர், "ஏறுங்க பாய், கம்பத்துல விட்டுர்றேன்" என்றார். "இந்தா முடிஞ்சிருச்சு" என்று அனுப்பி வைத்தேன்.

மணி நாலாகப் போகும்போது மைத்துனன் போன் பண்ணினான். "மச்சான், எங்கன வாறீக? வண்டி எதும் அனுப்பவா?"

"வேணாம் மாப்ள. உத்தமபாளையம் தாண்டிட்டோம்."

கம்பத்துக்குக் கால் மணி நேரம் முன்னால் வரும் அந்த ஊரை நாங்கள் எட்டக்கூட இல்லை. ஏன் சொன்னேன்? கேட்காதீர்கள். நானே இத்தனை வருஷமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஜீனத் என்னைப் பார்த்தாள். ரோட்டோரமாக முன்னால் நடந்து போய், வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிவிட்டாள். நான் காரைப் பூட்டிவிட்டு ஓடி, பின்படியில் தொற்றிக்கொண்டேன். கம்பம் வரை அவள் திரும்பவே இல்லை.

தெருவில் பந்தல் இருந்தது, ஆம்பளைகள் இல்லை. மாமிதான் வாசலுக்கு வந்தார்கள். "ஆத்தா, இப்பத்தானே தூக்குனாக... உத்தமபாளையம் தாண்டிட்டாகன்னு சொன்னதுனால, இந்தா வந்துருவா, இந்தா வந்துருவான்னு அரை மணி நேரம் வச்சுப் பாத்தாகளே" என்று மகளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

நான் கபரஸ்தானுக்கு ஓடினேன். மூன்று பிடி மண் போட எனக்கு நேரம் இருந்தது. கையெல்லாம் பெல்ட் கரி. அவளுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்தது.

மைத்துனன் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. பிறகு அவனேதான் அதைக் கேலியாக்கினான். எங்கள் குடும்பத்தில் இப்போது யார் புளுகினாலும் அதற்குப் பெயர் 'உத்தமபாளையம் தாண்டுவது'. கல்யாணப் பந்தியில் பிரியாணி வர நேரமானால், "தம் போட்டு உத்தமபாளையம் தாண்டிருச்சு" என்கிறார்கள். குழந்தைகளுக்கு அது ஒரு ஊர் என்பதே பிந்தித்தான் தெரிந்தது.

ஜீனத்தும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் நான் வெளியூரிலிருந்து போன் பண்ணி, இன்ன இடத்தில் வந்துகொண்டிருக்கிறேன் என்று சொன்னால், மெதுவாகச் சொல்வாள்:

"பக்கத்துல இருக்கவுககிட்ட போனக் குடுங்க."