ஏற்றுமதிக்கு ஓர் ஆள் குறைவு

முன்னொரு காலத்தில் ஐந்து நாடுகள் ஒரே கடலைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. ஐந்துக்கும் தனித்தனி அரசர், தனித்தனிக் கொடி, தனித்தனிக் கோபம்; கடல் மட்டும் பொது. அந்தக் கடலில் யாரும் எழுதி வைக்காத வழக்கம் ஒன்று இருந்தது. ஆபத்தில் மாட்டிக்கொண்ட படகு, பாய்மரத்தில் சிவப்புத் துணி கட்டும். அதைப் பார்க்கிற படகு, எந்தக் கரையுடையதானாலும், வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்து கயிறு வீசும். கயிறு வீசியவனிடம் யாரும் ஊர் கேட்பதில்லை, பிடித்தவனிடமும் கேட்பதில்லை. கரை சேர்ந்தபின் கொஞ்சம் கருவாடோ தேங்காயோ கைமாறும். பக்கத்து நாடு என்றால் அந்த மக்களுக்கு அவ்வளவுதான்.

இது அரசர்களின் காதுக்கு எட்டியதுதான் வினையாகிப் போனது. குடிமக்கள் இத்தனை காலமாகத் தங்களைக் கேட்காமலே ஒத்துழைத்து வந்தது அவர்களுக்குச் சுருக்கென்று தைத்தது. ஐவரும் ஒரு கப்பலில் கூடி, கைகோத்து நின்று படம் வரைவித்துக்கொண்டு, கடல்சார் பொருளாதார ஒத்துழைப்புக் கூட்டமைப்பைத் தொடங்கி வைத்தார்கள்.

முதல் ஆணைப்படி கடலில் இருந்த தடைகள் யாவும் நீக்கப்பட்டன. நீக்கிய தடை மறுபடி முளைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள, அது இருந்த இடத்தில் ஒரு காவல்படகு நிறுத்தப்பட்டது. முன்பு தடையே இல்லாத இடங்களுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடைக்காமல் போகலாமா? அங்கெல்லாம் முதலில் ஒரு தடை வைத்து, மேளதாளத்தோடு அதை நீக்கி, அங்கும் காவல்படகை நிறுத்தினார்கள். இரண்டாம் ஆணை இன்னும் சுருக்கமானது. ஒத்துழைப்பு இனி அரசுகளின் தனியுரிமை. குடிமக்கள் தாமாக ஒத்துழைப்பது கடத்தலுக்கு நிகரான குற்றம்.

வெண்மணல் நாட்டுப் பேச்சிக்கனிக்கு இந்த ஆணைகள் எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கணவன் மாடப்பன், மகள் இசக்கி, ஒரு படகு. கருமணல் நாட்டுப் படகொன்று சிவப்புத் துணி கட்டி மிதந்ததைப் பார்த்து, மாடப்பன், தோழன் ஒருவனிடம் இரவல் வாங்கிய படகில் தனியாகப் போய்க் கயிறு வீசினான். அவன் கையை எடுப்பதற்குள் இரண்டு பக்கமும் காவல்படகுகள் வந்துவிட்டன. கயிற்றின் இந்த முனையில் இருந்தவனைக் கருமணல் நாடு பிடித்துக்கொண்டு போயிற்று. அந்த முனையில் இருந்தவனை வெண்மணல் நாடு பிடித்துக்கொண்டு வந்தது.

அதற்குள் கூட்டமைப்பின் ஆண்டு மாநாடு நெருங்கியது. வணிகம் எவ்வளவு பெருகியிருக்கிறது என்று அரசர்கள் கேட்பார்கள். சரக்கெல்லாம் காவல்படகுகளின் முன்னால் நின்று அழுகிக்கொண்டிருந்ததால், பெருகியது நாற்றம் மட்டுமே. இந்த இக்கட்டில்தான் வெண்மணல் நாட்டின் வணிகப் பேராணையருக்கு மூளை வேலை செய்தது. நாடுகளுக்கிடையே கைமாறக்கூடிய சரக்கு ஒன்று சிறையில் இருக்கிறதே! நல்லெண்ணப் பரிமாற்றம் என்று அதற்குப் பெயரும் வைத்து, பேச்சிக்கனிக்கு ஆளனுப்பினார்.

"உன் கணவனைத் தரக் கருமணல் நாடு ஆயத்தமாக இருக்கிறது. அவர்கள் ஆள் ஒருவன் நம்மிடம் இருக்கிறான்" என்றார் பேராணையர்.

பேச்சிக்கனிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. "அப்போ அவுகள விட்டுட்டு இவுகள வாங்கிக்கிடலாமே ஐயா?"

பேராணையர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "ஒன்று கொடுத்து ஒன்று வாங்குவது காட்டுமிராண்டிகளின் பண்டமாற்று. வளரும் நாடு வாங்குவதைவிட அதிகமாக விற்க வேண்டும், அம்மா. ஒருவனை இறக்குமதி செய்ய வேண்டுமானால் இருவரை ஏற்றுமதி செய்தாக வேண்டும். நம் கையிருப்பில் ஓர் ஆள் குறைகிறது."

"அந்த ஊருலயும் இதே கணக்கச் சொன்னா என்னய்யா செய்ய?"

"சொல்கிறார்களே! அவர்களும் வளரும் நாடுதான்" என்றார் அவர், பெருமிதத்தோடு.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தி வழி சொன்னார். பேச்சிக்கனி படகை எடுத்துப் போய்ச் சிவப்புத் துணி கட்ட வேண்டும். அந்தக் கரையிலிருந்து எவனாவது கயிற்றோடு வருவான். வலைக்கு அடியில் காவலர் ஒருவர் படுத்திருப்பார். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

"உசுர காப்பாத்த வர்றவன பிடிச்சிக் குடுக்கச் சொல்லுதியளா?"

"கூட்டமைப்பில் பங்கேற்கச் சொல்கிறேன். அந்தச் சிறையில் விஷக்காய்ச்சல் பரவுகிறதாம். இந்த மாநாட்டை விட்டால் அடுத்தது எப்போது கூடும் என்று எனக்கே தெரியாது."

முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் என்ற சொல் காதை விட்டுப் போகவில்லை. மாடப்பன் சாதாரணச் சளிக்கே சுருண்டுவிடுகிற ஆள். மறுநாள் காலை அவளே போய், சரி என்றாள். அப்படிச் சொன்ன தன் வாயை அவள் வெறுத்தாள், ஆனாலும் சொன்னாள்.

உச்சி வெயிலில் கடல் கண்ணைக் கூசவைத்தது. துணியைக் கட்டும்போது முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. "நன்றாகத் தெரியும்படி கட்டு" என்று வலைக்குள்ளிருந்து உத்தரவு வந்தது. யாரும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். யாரும் வராவிட்டால் மாடப்பன் என்ன ஆவான் என்றும் நினைத்தாள்.

தொலைவில் ஒரு படகு தெரிந்தது. கருமணல் நாட்டுப் பாய். கிட்டே வர வர, அதன் பாய்மரத்திலும் சிவப்புத் துணி ஆடியது.

பேச்சிக்கனியின் கை தானாகக் கயிற்றுக்குப் போயிற்று. பழகிய கை, ஆணையெல்லாம் அதற்குத் தெரியாது. அந்தப் படகில் நின்றதும் ஒரு பெண்தான். அவள் கையும் அப்படியே கயிற்றைத் தொட்டு, சுட்டதுபோல விலகியது. பேச்சிக்கனி அந்தப் படகின் நடுவே குவிந்திருந்த வலையைப் பார்த்தாள். மீன் இருந்தால் வலை துள்ளும். இந்த வலை தும்மியது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் கணவன்தான் இங்கே வெண்மணல் சிறையில் இருப்பவன். அவளுக்கும் ஓர் ஆள் குறைகிறது.

"கிட்ட வராத தாயி! திரும்பிப் போயிரு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள் பேச்சிக்கனி.

"வராதீய அக்கா! வலைக்குள்ள ஆளு இருக்கு!" என்று அதே நொடியில் அவளும் கத்தினாள்.

இரண்டு வலைகளும் எழுந்து நின்றன. இரண்டு காவலர்களும் ஈட்டியை நீட்டிக்கொண்டு ஒருவரையொருவர் முறைத்தார்கள். படகுகள் உரசுகிற தூரத்துக்கு வந்துவிட்டன. பேச்சிக்கனி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஆனால் இரத்தம் சிந்தவில்லை. அரசு ஊழியர்களுக்கிடையே இயல்பாகவே உள்ள ஒரு பாசம் அங்கே சுரந்தது.

"தங்களுக்கும் கையிருப்புக் குறைவோ?" என்றார் வெண்மணல் காவலர்.

"ஓர் ஆள்தான். தங்களுக்கு?"

"அதே ஓர் ஆள்."

இருவரும் சற்று யோசித்தார்கள். பிறகு ஈட்டிகளைக் கீழே வைத்துவிட்டு, கைகுலுக்கி, கூட்டமைப்பு வாழ்க என்று முழங்கி, இரு பெண்களையும் படகு மாற்றி ஏற்றினார்கள். ஒருவர் இன்னொருவருக்குக் கைகொடுத்து உதவிய அந்த நேர்த்தியைக் கூட்டமைப்பின் வரலாற்றில் அதற்குமுன் எவரும் கண்டதில்லை. அழுதுகொண்டே படகு மாறிய இரண்டு பெண்களும் ஒருவர் கையை ஒருவர் ஒரு கணம் பற்றிக்கொண்டார்கள். தனியார் ஒத்துழைப்பு என்று அதை உடனே பிரித்துவிட்டார்கள்.

மாநாட்டில் ஐந்து அரசர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரே ஆண்டில் இரு நாடுகளின் ஏற்றுமதிக் கையிருப்பும் இரு மடங்கு! ஆனால் இருவரைக் கொடுத்து இருவரை வாங்கினால் எவருக்கும் மிச்சமில்லை என்று வல்லுநர்கள் சுட்டிக்காட்டியதால், பரிமாற்றம் தள்ளிவைக்கப்பட்டது. ஆளுக்கு இன்னும் ஒருவர் தேவை என்று இரு தரப்பும் மனமொத்து ஏற்றுக்கொண்டன.

கருமணல் சிறையின் முற்றத்தில் மாடப்பன் எலும்பும் தோலுமாகச் சுவரில் சாய்ந்திருந்தான். காய்ச்சலில் பிழைத்துவிட்டான். மனைவியைப் பார்த்ததும் முதலில் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை.

"ஏ பிள்ள, நீ எப்படி இங்க?"

"உங்கள மீட்டுட்டுப் போகத்தான் வந்தேன்" என்று சொல்லி அவள் அவன் மடியில் விழுந்து அழுதாள். அவன் அவள் தலையைத் தடவினான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவனுக்கு மற்றது நினைவுக்கு வந்தது.

"இசக்கி யாருகூட இருக்கா?"

"ஒத்தையிலதான். பேராணையர் பாத்துக்கிடுவாரு. நான் சரின்னு சொன்ன அன்னைக்கு வாசல் வரைக்கும் வந்து அவளப் பத்தி விசாரிச்சாரு. அவளுக்கும் படகு ஓட்ட வருமான்னு கேட்டாரு."

மாடப்பனின் கை அவள் தலைமேல் அப்படியே நின்றுவிட்டது. "நீ என்ன சொன்ன?"

பேச்சிக்கனி மெல்ல நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"நம்ம ரெண்டு பேரவிட நல்லா ஓட்டுவான்னு சொன்னேன். பெருமையாச் சொன்னேங்க."