றமீரோ விழுந்த ஞாயிற்றுக்கிழமை

ஸ்காபரோ, ரொறன்ரோ
25.07.1996

பாசமுள்ள மக்டலீன் அக்காவுக்கு,

தம்பி நீக்கிலாஸ் எழுதிக்கொள்வது. மாதாவின் காவலில் நீங்கள் மன்னாரில் சுகமாயிருக்க வேண்டுகிறேன். என் சுகத்தைக் கேட்காதீர்கள். பிறஷர் குளிசை இரண்டாகிவிட்டது.

எங்கள் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் றமீரோ என்றொரு மெக்சிக்கோப் பெடியன் வாடகைக்கு இருக்கிறான், எங்கள் வேதம்தான், அடக்கமானவன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அந்த அடக்கத்தை நம்பித்தான் மோசம்போனேன். மகள் கிறிஸ்ரினா அவனைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாள். என்ன தொழில் என்று கேட்டால் சைக்கிள் ஓட்டுகிறானாம். நானும் முப்பது வருசம் தபால் கந்தோருக்குச் சைக்கிளில்தான் போனேன், ஒருவரும் அதைத் தொழில் என்று சொல்லவில்லை. இவன் ரேஸ்காரனாம். பத்தொன்பது வயதில் தன் நாட்டில் மலையேறுகிற போட்டி ஒன்றில் முதலாவதாக வந்து, பேப்பரில் படம் வந்து, இத்தாலியில் ஒரு சைக்கிள் குழு அவனைக் கூப்பிட்டு எடுத்ததாம். அங்கே இரண்டு வருசம் என்ன செய்தான் என்று நினைக்கிறீர்கள்? ரேஸ் நடுவில் ஏழெட்டுத் தண்ணிப் போத்தலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டுபோய்க் குழுத் தலைவனுக்குக் கொடுத்துவிட்டுப் பின்தங்க வேண்டும். அதுதான் வேலையாம், வெல்லக்கூடாதாம். பிறகு குழுவும் கலைந்து, இங்கே வந்து, ரவுணுக்குள் கந்தோர் கந்தோராகச் சைக்கிளில் கடிதம் கொண்டுபோகிறான், ஞாயிறுகளில் ரேஸ் ஓடுகிறான்.

போன ஞாயிறு கிறிஸ்ரினா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். தெருக்களைச் சுற்றி நாற்பது சுற்று. நான் கயிற்றோரம் நின்று, அக்கா, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், இவன் இன்றைக்குத் தோற்கவேண்டும், இந்தப் பைத்தியம் தெளிந்து தன் ஊருக்குப் போகவேண்டும் என்று மடுமாதாவிடம் மன்றாடினேன். கடைசிச் சுற்றில் அவன் கூட்டத்தை விட்டுத் தனியாக முன்னுக்கு வந்தான். எங்களைக் கடக்கும்போது என் பக்கம் திரும்பிப் பார்த்தான். அந்த நேரம் முன்சில்லு தெரு நடுவில் பதித்திருக்கிற ஸ்ட்ரீட்கார் தண்டவாளத்துக்குள் இறங்கிவிட்டது. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அவனுக்கு மேலே. தொடையெலும்பு மூன்று துண்டு. இனி நடக்கலாம், ரேஸ் இல்லை என்று டொக்டர் சொல்லிப்போட்டார். நான் தோல்வி மட்டும்தான் கேட்டனான், அக்கா.

தோடம்பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊருக்குத் திரும்பிப்போ என்று சொல்லத்தான் போனேன், பொய் சொல்லுவானேன். ஆனால் ஏன் அப்படி அவசரப்பட்டாய் என்றுதான் வாயில் வந்தது. அவன் மெல்ல ஏதோ சொல்ல, கிறிஸ்ரினா தமிழில் சொன்னாள்.

"ஆறு வருசமா மற்றவைக்குப் பின்னாலதான் ஓடினவராம், அப்பா. அண்டைக்குத்தான் தனக்கெண்டு தகப்பன் மாதிரி ஒரு ஆள் வந்து நிண்டதாம்."

அந்த ஆள் நான். எதற்காக நின்றேன் என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். தோடம்பழத்தை உரித்து உரித்து அவன் கையில் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அதற்காக மகளைக் கொடுக்க முடியுமா? காலும் இல்லை, தொழிலும் இல்லை, எங்கட பாஷையும் இல்லை. நீங்கள் மாமி, உங்கள் சொல்லை அவள் தட்டமாட்டாள். கண்டிப்பாக ஒரு கடிதம் எழுதி இந்தக் கலியாணத்தை நிறுத்துங்கள்.

அத்தானுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்குக் கர்த்தரின் ஆசீர்.

உங்கள் தம்பி,
நீக்கிலாஸ்

பி.கு.: ஒன்றும் எழுதவேண்டாம். முத்திரை ஒட்டும்போது கிறிஸ்ரினா வந்து சொன்னாள், மார்ச் மாதமே இரண்டுபேரும் சிற்றி ஹோலில் கலியாண எழுத்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டார்களாம். ஆக, நான் மன்றாடினது என் மருமகனுக்கு எதிராக. கடிதத்தைக் கிழிக்கத்தான் போனேன். ஆனால் அந்த மன்றாட்டை இன்னொருதரம் எழுத எனக்குக் கை ஓடாது, அதனால் அப்படியே வருகிறது. அடுத்த வெள்ளி அவனை வீட்டுக்கு விடுகிறார்கள். பேஸ்மென்றுக்குப் பதின்மூன்று படி, அவனால் இறங்க ஏலாது. என் அறையைக் கொடுத்துவிட்டு நான் கீழே போகிறேன்.