மேதாவியும் இடிதாங்கியும்

"மெத்தை எல்லாம் தேதியா மாறிடுச்சு சார்" என்று டெலிவரி டிரைவர் தாளை நீட்டியபோது, சாஃப்ட்வேர் வாயில் வைத்திருந்த பேனா மூடியைக் கடித்தே விட்டான்.

சாஃப்ட்வேர் என்பது அந்த மெத்தைக் கம்பெனி அவனுக்கு வைத்த பெயர். இன்டர்வியூவில் "கம்ப்யூட்டர் தெரியுமா?" என்று மேனேஜர் கேட்க, "தண்ணி பட்ட பாடு சார்" என்று அளந்துவிட்டதன் பலன். அன்றிலிருந்து பிரிண்டர் இருமினாலும் அவனைத்தான் கூப்பிட்டார்கள்.

தாளைப் பார்த்தான். மூன்றுக்கு ஆறு மெத்தை கேட்டவருக்கு நேராக 'மார்ச் 6' என்று இருந்தது. நாலுக்கு ஆறு கேட்டவருக்கு ஏப்ரல். 3-6 என்று அடித்ததை எல்லாம் கம்ப்யூட்டர் தேதி என்று எடுத்துக்கொண்டிருந்தது.

"அஞ்சுக்கு ஆறரை மட்டும் தப்பிச்சிருக்கு சார். ஆறரையாம் தேதின்னு ஒண்ணு கிடையாது பாருங்க."

"நீ போ. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்வது என்றால், இணையத்தில் தேடுவது. கம்ப்யூட்டர் சந்தேகங்களுக்கென்றே ஒரு கேள்வி பதில் தளம் இருந்தது. அதில் 'தவிப்பு' என்ற பெயரில் கேள்வியைப் போட்டான்.

"இது ஏற்கெனவே கேட்ட கேள்வி. தேடிப் பார்க்கவும்" என்றார் ஒருவர். தேடினால், அந்தப் பழைய கேள்விக்கும் அதே பதில்தான் இருந்தது. "மெத்தைக்கு எதற்கு அளவு?" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் "எனக்கும் இதே பிரச்சினை" என்று எழுதி, அதற்குக் கீழேயே "சரியாகிவிட்டது, நன்றி" என்றும் போட்டிருந்தார். எப்படிச் சரியானது என்பதைப் பற்றி மட்டும் மனிதர் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்துப் புலம்பினான். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். சோபா ஓரத்தில் மாமியார் போனும் கையுமாக இருந்தார். எங்கேயோ வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் மகள் வீட்டோடு வந்துவிட்டவர். மாப்பிள்ளை உள்ளே நுழைந்தால் டிவி சத்தத்தைக் குறைப்பார். அவன் எதிரில் குரலை உயர்த்தியதில்லை.

"என்ன மாப்பிள்ளை, ஆபீஸ்ல ஏதாவது தொந்தரவுங்களா?"

"உங்களுக்குச் சொன்னாப் புரியாது அத்தை."

"சரிங்க மாப்பிள்ளை."

அவன் மனைவி பக்கம் திரும்பினான். "காலியா இருக்கற கடைக்கு எவன் வருவான்? ஒரு ஆளாவது நின்னாத்தான் நாலு பேர் எட்டிப் பாப்பாங்க. அதனால நானே இன்னொரு பேர்ல ஒரு பதில் போடப்போறேன்."

"என்ன பதில்?"

"அது தெரிஞ்சா நான் ஏன்டி கேள்வி கேக்கறேன்? வாய்க்கு வந்ததைப் போட வேண்டியதுதான்."

'மேதாவி' பிறந்தான். பிறந்த கையோடு எழுதினான்: "கம்ப்யூட்டரில் இருக்கும் காலண்டரை அழித்துவிடவும். தேதியே இல்லாதபோது எப்படித் தேதியாக மாறும்?"

அவன் காபியை எடுத்து ஒரு வாய் குடிப்பதற்குள் இடி விழுந்தது. 'இடிதாங்கி' என்று ஒரு ஆள்.

"டேய் மேதாவி! உன் மண்டையில இருக்கறது மூளையா, இலவம்பஞ்சா? காலண்டரைக் கிழிச்சுட்டாப் பொழுது விடியாதா? தவிப்பு, இவன் பேச்சைக் கேக்காதீங்க. அளவு போடற கட்டங்களை முதல்ல 'டெக்ஸ்ட்'னு மாத்திட்டு, அப்புறம் மறுபடி அடிங்க."

அடித்தான். மார்ச்சும் ஏப்ரலும் ஓடிப்போய், மெத்தைகள் மெத்தைகளாகவே திரும்பி வந்தன.

அன்றைக்கு அவனுக்கு ஞானம் பிறந்தது. கெஞ்சிக் கேட்டால் எட்டிப் பார்க்காத உலகம், ஒருவன் தப்பாகச் சொன்னால் செருப்பைக் கூடப் போடாமல் ஓடி வருகிறது.

அப்புறம் என்ன? தவிப்பு கேட்பான், மேதாவி உளறுவான், இடிதாங்கி வெளுத்து வாங்குவார், மறுநாள் ஆபீசில் சாஃப்ட்வேர் காலரைத் தூக்கி விட்டுக்கொள்வான். பிரிண்டர் பாதித் தாளோடு நிற்கிறதா? "வெயிலில் வைத்து எடுக்கவும்" என்றான் மேதாவி. "உன்னைத்தான்டா வெயில்ல காய வைக்கணும்!" என்று ஆரம்பித்து, எந்த மூடியைத் திறந்து எந்தப் பக்கமாகத் தாளை இழுக்க வேண்டும் என்று வழி சொன்னார் இடிதாங்கி. பாஸ்வேர்டு மறந்த விவகாரத்தில் மனிதர் உச்சத்துக்கே போனார்.

சாஃப்ட்வேர் அதைச் சாப்பிடும்போது மனைவிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினான். "'உன்னைக் கட்டிக்கிட்டவளை நினைச்சா எனக்கு வயிறு எரியுதுடா.' எப்படித் திட்டறான் பாரு! ரசிச்சு ரசிச்சுத் திட்டறான்."

"அப்படியெல்லாமா பேசுவாங்க மாப்பிள்ளை?" என்று மாமியார் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் வைத்தார்.

வினை வேறு ரூபத்தில் வந்தது. வாடிக்கையாளர் பெயர்களை அகர வரிசையில் அடுக்குவது எப்படி என்று தவிப்பு கேட்டான். "பெயர்களை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கவும். மற்றதைத் தொடவே கூடாது" என்று மேதாவி எழுதினான்.

"அடப்பாவி! பேர் மட்டும் இடம் மாறிட்டா அளவும் அட்ரஸும் யாரோடதோ ஆயிடும்டா. மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து அடுக்கணும்" என்று இடிதாங்கி கத்தினார்.

ஆனால் இந்தத் தடவை ஊர் மேதாவி பக்கம் சாய்ந்துவிட்டது. "சுருக்கமான பதில்", "எனக்கு வேலை செய்தது", "பண்பான மனிதர்" என்று ஆளாளுக்கு விருப்பக்குறி குத்தினார்கள். இடிதாங்கிக்குப் பொறுக்கவில்லை. "இந்த முட்டாளுக்கா இத்தனை கைதட்டல்? இனிமே நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று எழுதிவிட்டுக் காணாமல் போனார்.

போனால் போகட்டும் என்று இருந்திருப்பான். ஆனால் இரண்டு நாள் கழித்துக் காலையில் ஆபீஸ் போன் அலற ஆரம்பித்தது. ஒரு ஹோட்டலுக்குத் தொட்டில் மெத்தைகள் போய் இறங்கியிருந்தன. பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஆறரை அடி மெத்தை போய் வாசலில் சிக்கிக்கொண்டு, வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"யார் சார் லிஸ்ட்ல கை வெச்சது?"

"நான்தான்பா. அகர வரிசையில அடுக்கலாம்னு" என்றார் மேனேஜர். "உன்னை ஏன் தொல்லை பண்ணணும்னு நானே நெட்ல தேடினேன். மேதாவின்னு ஒருத்தர் அழகா எழுதியிருந்தாரு."

சாஃப்ட்வேர் மெதுவாக இழுத்தான். "கீழ இடிதாங்கின்னு ஒருத்தர்..."

"கத்திக்கிட்டு இருந்தான் ஒருத்தன். அதையெல்லாம் எவன் படிப்பான்? நாளைக்கு முதலாளி வர்றாரு. அதுக்குள்ள பழையபடி ஆக்கிடு. அப்படியே அந்த மேதாவி யாருன்னும் கண்டுபிடி. அவனை மெத்தையில வெச்சுத் தைக்கணும்."

சாயங்காலம் வீட்டில் தவிப்பு நிஜமாகவே தவித்துக்கொண்டு, நடந்ததை எல்லாம் விவரமாக எழுதிக் கேட்டான். மேதாவி, "எல்லா மெத்தையையும் ஒரே அளவாக வெட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது" என்றான். எவனும் திட்டவில்லை. மாறாக, "அருமை" என்று விருப்பக்குறிகள் விழுந்தன. 'அதிமேதாவி' என்று மூன்றாவது பெயரில் வந்து இன்னும் கேவலமாக உளறினான். அதற்கும் பாராட்டு. கடைசியில் நாலாவது பெயரில் வந்து தன்னைத் தானே கண்டபடி திட்டிப் பார்த்தான். திட்டு நன்றாகத்தான் வந்தது. பதில்தான் அவனிடம் இல்லை.

வேறு வழியில்லாமல், மேதாவியின் பெயரிலேயே எழுதினான்: "இடிதாங்கி ஐயா அவர்களுக்கு. நான் மேதாவி இல்லை, அடிமுட்டாள். எனக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி நடித்து எல்லோரையும் கெடுத்துவிட்டேன். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். தயவுசெய்து திரும்பி வாருங்கள்."

கன்னத்தில் கை வைத்துத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே சமையலறையில் குக்கர் விசில் அடித்தது.

பதில் வந்தது.

"இதை ஒத்துக்க இவ்வளவு நாளாடா மடையா? ஃபைல் மெனுவுல பழைய பதிப்புகள்னு இருக்கும். மேனேஜர் கை வைக்கறதுக்கு முன்னால இருந்ததைத் தேர்ந்தெடுத்து மீட்டெடு. இனிமேலாவது தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லு. வாய் ஒண்ணும் சுட்டுடாது."

மீட்டெடுத்தான். ஹோட்டல் ஹோட்டலாகவும் தொட்டில் தொட்டிலாகவும் அதனதன் அளவோடு வந்து வரிசையில் நின்றன. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்படி ஒரு மனுஷனா!" என்று எழுந்து நின்று மனைவியிடம் சொன்னான். "எந்த மூலையில இருக்காரோ, இருக்கற திசையைப் பாத்துக் கும்பிடணும் போல இருக்கு."

"அதுசரி, இவ்ளோ தெரிஞ்சவரு உங்ககிட்ட நேர்லயே வந்து தன்மையா சொல்லித் தந்திருக்கலாம்ல?" என்றாள் மனைவி. "எதுக்கு இப்படி ஒளிஞ்சு நின்னு வண்டி வண்டியாத் திட்டணும்?"

மாமியார் போனை மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தலை நிமிராமல் தணிந்த குரலில் சொன்னார்:

"என்ன இருந்தாலும் மாப்பிள்ளையாச்சேம்மா, மூஞ்சிக்கு நேரா திட்ட முடியுமா?"