பீரங்கி நைனாவின் உதைக்கும் நாற்காலி

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றாமல்கூட ஒருவர் காலம் தள்ளிவிடலாம். ஆனால் எண்பதுகளில் செங்கம் ரோட்டில் குடியிருந்துகொண்டு, பீரங்கி நைனாவிடம் யுத்தக் கதை கேட்காமல் தப்பியவர் எவருமில்லை. நைனா அங்கே வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். கேட் செய்யச் சொல்லி முன்பணம் கொடுத்தால் கேட் வராது, கதைதான் வரும்.

கதை இதுதான். இரண்டாம் உலக யுத்தத்தில் அவர் பட்டாளத்து மெக்கானிக். எதிரி டாங்கியை அடிப்பதற்கென்றே, ஒரு சின்ன லாரியின் முதுகில் பெரிய பீரங்கியை ஏற்றிச் சோதனை வண்டி ஒன்று செய்தார்கள். ட்ரையலில் முதல் குண்டு போட்டதுமே, வண்டி பின்னால் ஓடி அதிகாரிகளின் டீக் கூடாரத்துக்குள் புகுந்துவிட்டது. அன்றைக்கே ஃபெயில் என்று சொல்லி உடைத்துப் போட்டுவிட்டார்கள்.

"அந்தக் கூடாரம் மட்டும் அங்க இல்லைனா பாஸாயிருக்கும்பா" என்பார்.

பட்டறைக்குப் பக்கத்தில் நான் வீடியோ கேம் கடை போட்டேன். டாங்கிச் சண்டை கேம். நைனா வந்து பார்த்தார்.

"சுட்டா வண்டி அசையவே மாட்டேங்குது. இன்னாபா இது, ஊரை ஏமாத்தற வேலை?"

மறுநாள் நான் சாப்பிட்டு வருவதற்குள், கேம் பெட்டிக்கு முன்னால் இரும்புத் தடம் போட்டு, அதன்மேல் ஸ்பிரிங் வைத்த நாற்காலி ஒன்றை மாட்டியிருந்தார். சுடுகிற பட்டனை அழுத்தினால் சைக்கிள் பிரேக் ஒயர் இழுக்கும், கொக்கி விடும், நாற்காலி ஆளோடு பின்னால் பாயும். உட்கார்ந்தவர் தட்டுத்தடுமாறி முன்னால் வருவதற்குள் திரையில் அவர் டாங்கி சுக்குநூறாகியிருக்கும். அடி அண்ணாமலை கிராமத்துக்காரர் ஒருவர் பாய்ந்த பாய்ச்சலில் எதிர்ப் பூக்கடையில் போய் விழுந்து, தலையெல்லாம் சாமந்தியோடு எழுந்து வந்தார்.

"நைனா, கழட்டிடுங்க. ஒருத்தராலயும் ஒரு ரவுண்டு முடிக்க முடியல. வர்ற கூட்டமும் போயிடும்."

"கார்த்திகை தீபம் வரைக்கும் வுடுபா. இந்த உதையைத் தாங்கிக்கினு ஒரே ஒரு ஆள் ஜெயிக்கட்டும். எங்க வண்டி உதவாக்கரை இல்லைனு கண்ணால பார்த்துட்டா போதும். அப்புறம் நானே கழட்டிடறேன்."

இப்படிக் கேட்கிற மனிதரிடம் என்ன சண்டை போடுவது?

தீபத்துக்கு முந்தின நாள் மத்தியானம் வரை ஒருவரும் ஜெயிக்கவில்லை. நைனா சாப்பிடக்கூடப் போகவில்லை. அவர் மனைவி சரோஜாம்மா கேரியரோடு வந்து அவர் முகத்தைப் பார்த்தார். கேரியரை என்னிடம் கொடுத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு பாதங்களையும் பெட்டியின் அடிச்சட்டத்தில் கோத்துக்கொண்டார்.

"பட்டன் எதுப்பா?"

நாற்காலி திமிறியது. அம்மா ஒரு விரற்கடைகூட நகரவில்லை. டாங்கிகள் ஒவ்வொன்றாக வெடித்து, ரவுண்டும் முடிந்தது.

"எப்படிம்மா?" என்றேன்.

"இந்த மனுஷனோட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணிட்டேன். நாற்காலி இன்னா, அதைவிட ஜாஸ்தியா ஆடிடுமா?"

நைனா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "பாஸாயிடுச்சு சரோஜா" என்று சொல்லி அழுதார். அம்மா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்து, "சரி சரி, சாப்பிடுங்க" என்றார்.

தீபம் முடிந்த மறுநாள் காலை, சொன்ன சொல் தவறாமல் ஸ்பேனரோடு வந்து நின்றார். கழற்றுங்கள் கழற்றுங்கள் என்று தொண்டை வற்றக் கத்தியவன் நான். அந்த ஸ்பேனரைப் பிடுங்கி மேஜைக்குள் போட்டுப் பூட்டினேன். நாற்காலி போய்விட்டால், அந்த மனிதர் என் கடைக்கு எதற்கு வரப்போகிறார்?