பேதுருவுக்கு ஆறு நாள் விரதம்

பொய் என்று சொன்னால் ஒன்றே ஒன்றுதான் சொல்வது, அதையும் ஓட்டையில்லாமல் பின்னிவிடுவது என்று ஆத்தப்பன் தீர்மானம் செய்தார். பனியன் கம்பெனியில் அவர் செக்கிங் மாஸ்டர். நூறு பனியனில் ஒரு கண்ணி நழுவியிருந்தாலும் பிடித்துவிடுவார். தம் பொய்யில் எவர் கண்ணி பிடிப்பார்?

விஷயம் ஒரு எல்.பி. ரெக்கார்டு. 1974 ஐப்பசியில் ஆர்டர் பேச வந்த வெள்ளைக்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. ஏதோ ஒரு ராக் கோஷ்டி பாடியது. ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு, இருபது நிமிடம். நடுவில் தாளம் மாறும், பாடுகிறவன் காணாமல் போவான், ஆர்கன் மட்டும் தனியாகப் புலம்பும். ஏசுவைப் பிடித்துக்கொண்டு போனபோது அவருடைய சீடர் பேதுரு, "அந்த ஆளை எனக்குத் தெரியாது" என்று மூன்று தடவை சொன்னதும், உடனே சேவல் கூவியதும்தான் கதை. மிஷன் பள்ளியில் படித்த ஆத்தப்பனுக்கு அது பழைய கதை. ஆனாலும் மனைவி மயிலாள் பல்லடத்துக்கு அம்மா வீடு போயிருந்த அன்று தனியாகக் கேட்டுவிட்டு அழுதார்.

பிளேயர் மயிலாளின் அப்பன் வீட்டுச் சீதனம். இருப்பது பூஜை அலமாரிக்குப் பக்கத்தில். மயிலாளுக்குத் தெரிந்து முருகன் பாட்டைத் தவிர வேறெதுவும் அதில் சுழன்றதில்லை. ஏசு சுழன்றால் என்ன சொல்வாளோ? கேட்டுப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை, நிறையப் படித்தவர். ஒரு முருகன் ரெக்கார்டை உருவிவிட்டு அந்த அட்டைக்குள் பேதுருவைச் செருகினார். பேதுருவின் அட்டையும் வீடிழந்த முருகனும் பீரோ மேலே போனார்கள்.

தீபாவளிக்கு மறுநாள் தைரியமாகப் போட்டார்.

"ஏனுங்க, இதென்ன இப்பிடி இடி இடிக்குது?"

"சூரசம்ஹாரம் புள்ளே. வெள்ளைக்கார பக்தருங்க பாடறாங்க. போருன்னா இடிக்காதா?"

"சரிதானுங்க. நடுவுல சேவல் கூவுதே?"

ஆத்தப்பனின் கண் பூஜை அலமாரி முருகன் படத்துக்கு ஓடியது.

"முருகன் கொடியில என்ன இருக்குது? காக்காயா?"

மயிலாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அட சாமி! அப்ப சும்மா கேக்கப்படாதுங்க. இன்னிக்குத்தான் சஷ்டி ஆரம்பம். ஆறு நாள் விரதமிருந்து, சூரசம்ஹாரத்தன்னிக்குக் கேக்கோணும். அதுவரைக்கும் ரெக்கார்டு பூஜை அலமாரியில இருக்கட்டும்."

"எனக்குக் கம்பெனியில வேலை..."

"பால் குடிச்சுப் பழம் தின்னா வேலை ஓடாதுன்னு ஆரு சொன்னா?"

காலையில் பால், சாயங்காலம் பழம். மூன்றாம் நாள் கம்பெனி படியேறவே கைத்தாங்கல் வேண்டியிருந்தது. நான்காம் நாள் ஒரு கை மட்டும் தைத்திருந்த பனியனைப் பாஸ் பண்ணி அனுப்பினார். ஐந்தாம் நாள் அடுத்த வீட்டு எஸ்தர் டீச்சர் கோழி வறுத்தார். ஆத்தப்பன் சுவரோரமாக நின்று மூச்சை மட்டும் இழுத்துக்கொண்டார்.

ஆறாம் நாள் குளித்து, நீறு பூசி, பிளேயர் முன் உட்கார்ந்தார். மயிலாள் ஊசியை வைத்தாள். நாதஸ்வரம் வந்தது.

"இது... வேற பாட்டாட்ட இருக்குது?"

"இதுதானுங்க இந்த அட்டையோட பாட்டு. பூ வெக்கலாமுன்னு மொத நாளே எடுத்துப் பாத்தேன். உள்ளார இருந்ததுல நடுவுல சிலுவைப் படம். பீரோ மேல அதோட அட்டையும் கிடந்துச்சு. எஸ்தர் டீச்சரோடது எப்பிடியோ இங்க வந்துருச்சாக்குமுன்னு குடுத்துட்டேன். 'என்னுதில்லைங்க, ஆனா பாட்டு அருமை'ன்னு வெச்சுக்கிட்டாங்க."

மயிலாள் அவரை நேராகப் பார்த்தாள்.

"ஏனுங்க, அது உங்களுதுங்களா? ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே போய் வாங்கியாந்துடறேன்."

ஒரே வார்த்தைதான். ஆனால் அந்த வார்த்தைக்குப் பின்னால் வெள்ளைக்கார முருக பக்தர்கள் வரிசை கட்டி நின்றார்கள்.

"எனக்குத் தெரியாது," என்றார் ஆத்தப்பன்.

சொன்ன பிறகுதான், இதை முதலில் யார் சொன்னது என்பது உறைத்தது.

மயிலாள் பழத்தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நானும் அப்பிடித்தான் நெனச்சேனுங்க. உங்களுதா இருந்தா, 'ஏசு பாட்டு, கேக்கலாமா'ன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருப்பீங்களே! நான் என்ன, வேண்டாமுன்னா சொல்லியிருப்பேன்?"