விலகியவர்கள் நாற்பத்தொரு பேர்

பிலிப்பைன்ஸில், எங்கள் இலோய்லோ நகரின் கூடைப்பந்துக் கொட்டகையில் அன்று எள் விழ இடமில்லை. மாதா ஊர்வலத்துக்குக்கூட இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. எல்லாம் பாகற்காய்ப் பானத்துக்காக! குடித்தால் சர்க்கரை நோய் ஓடிவிடுமாம். சொன்னது மந்திரவாதியா? சேச்சே, ஆராய்ச்சியாளர். அந்த மகான் அடியேன்தான், டாக்டர் ரெனாட்டோ.

பேயோட்டிக்கு உடுக்கை, எனக்கு வரைபடம். இருநூறு பேர் மூன்று மாதம் குடித்தார்கள். சர்க்கரை இறங்கியது என்று திரையில் கோடு சரிந்தது. ஆய்வுக்குச் செலவழித்தது பானக் கம்பெனி. என்னைக் குடும்பத்தோடு வெளிநாட்டு மாநாட்டுக்கு அனுப்பியதும் அதுவே. அதற்காக என் அறிவு கெட்டுவிடுமா என்ன? கெடவில்லை. விலைபோயிற்று, அவ்வளவுதான்.

வரைபடத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: "ஆய்விலிருந்து விலகியவர்கள் 41 பேர்."

சுகாதாரப் பணியாளர் எதெலினா எழுந்தார்.

"டாக்டர், வீடு வீடாப் போய்ப் பானப்பொடிப் பொட்டலம் குடுத்தது நான். யாரும் விலகலையே! அந்த நாப்பத்தொரு பேரோட பேரையும் கொஞ்சம் வாசிங்க."

கம்பெனி அறிவித்திருந்த ரைஸ் குக்கர் குலுக்கல் என்று நினைத்த கூட்டம், "வாசிங்க டாக்டர்!" என்று கத்தியது. ஆய்வுக் கோப்பைப் பிரித்து வியர்க்க வியர்க்க வாசித்தேன்.

"இசித்ரோ."

"இருக்கேன்!" காலில் கட்டோடு ஒரு பெரியவர் எழுந்தார். "ரைஸ் குக்கர் எனக்குத்தானா?"

"இல்லண்ணே. நீங்க பானத்த நிறுத்திட்டீங்களாம்," என்றார் எதெலினா.

"எவன் சொன்னான்? தினம் ரெண்டு தம்ளர் குடிச்சேன். டாக்டர் பேச்ச நம்பி மாத்திரயத்தான் நிறுத்துனேன். சர்க்கர ஏறி ரெண்டு விரல எடுத்துட்டாங்க."

நாற்பத்தொரு பேரில் முப்பத்தெட்டு பேர் எழுந்து நின்றார்கள். மூன்று பேர் ஆஸ்பத்திரியில். சர்க்கரை ஏறியவர்களையெல்லாம் 'விலகியவர்கள்' ஆக்கிவிட்டு, இறங்கியவர்களை மட்டும் எண்ணியிருந்தேன். என் அற்புதம் அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க எந்தப் பட்டமும் தேவைப்படவில்லை, ஆஜர் எடுத்தால் போதுமாக இருந்தது.

"நான் குடிச்சது பொய்யா டாக்டர்?" என்று இசித்ரோ கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரியாமல் கேட்டார். வெட்கத்தில் கூசிப்போனேன்.

ஆகவே மக்களே, 'ஆராய்ச்சியில் நிரூபணம்' என்று எவனாவது சொன்னால், கைதட்டுமுன் "யாரையெல்லாம் கழித்தீர்கள்?" என்று கேளுங்கள். சொல்பவன் என்னைப்போல் மெத்தப் படித்தவன் என்றால், இரண்டு முறை கேளுங்கள்.